பைப் ஓட்டைக்கு டீஃபால்ட் வைப்பது: நாலு வருஷ அனுபவம்

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூருக்குப் பஸ் ஏறி பைப்பிங் டிசைன் வேலைக்குப் போகிறேன். ஆலையை 3டி-யில் வரையும் பிடிஎம்எஸ் சாஃப்ட்வேரில் மாடல் போட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. பைப்போ ஸ்டீலோ தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்துக்கு டீஃபால்ட் அளவு, அதாவது சாஃப்ட்வேர் தானாக எடுத்துக்கொள்ளும் ஓட்டை அளவு, வைப்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன், நான் அதிகம் திட்டு வாங்கியது இதில்தான்.

முதல் ப்ராஜெக்ட்டில் முன்பு யாரோ வைத்துவிட்டுப் போன செட்டிங் அப்படியே இருந்தது. பைப்பின் வெளிவிட்டம், சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி, அவ்வளவுதான். 4 இஞ்ச் பைப்புக்கு 114.3 உடன் 50 சேர்த்து 165 மி.மீ. ஓட்டை. ஸ்கிரீனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஸ்டீம் லைன், மேலே 50 மி.மீ. இன்சுலேஷன் உண்டு. தளமாகப் போடும் கிரேட்டிங் (இரும்புப் பட்டைகளால் ஆன சட்டம்) கால்வனைஸ் ஆகி, அதாவது துத்தநாகப் பூச்சு பூசி, சைட்டில் இறங்கிய பிறகு தர்மபுரிக்கார சூப்பர்வைசர் போன் போட்டார்: "சார், ஓட்டையில பைப்பு போகுது, பஞ்சு எங்க போவும்?" அன்றைக்கு மட்டும் பதினோரு இடத்தில் கேஸ் கட்டிங். வெட்டின விளிம்பெல்லாம் கருகி, அப்புறம் ஜிங்க் பெயின்ட். சாஃப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தது.

இப்போது வெளிவிட்டத்தோடு இன்சுலேஷனையும் இரண்டு பக்கம் கூட்டி, அதன்மேல் 25, 25 வைத்து, வருவதை அடுத்த பத்துக்கு ஏற்றுகிறேன். அதே லைனுக்கு 264.3 வரும், 270 வைப்பேன். இதில் ஃபிளேஞ்ச் (பைப் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) போகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 இஞ்ச் 150 கிளாஸ் ஃபிளேஞ்ச் 229 மி.மீ., 270-இல் தாராளமாக இறங்கும். வெறும் பைப்பாக இருந்து 165 ஓட்டை என்றால் இரண்டு முனையிலும் ஃபிளேஞ்ச் வைத்த ஸ்பூல் (முன்கூட்டியே செய்து வரும் பைப் துண்டு) மாட்டிக்கொள்ளும், ஒரு முனையைச் சைட்டிலேயே பற்றவைக்கும் ஃபீல்டு வெல்டாக விட வேண்டியதுதான். சூடான லைனுக்கு நகர்வும் உண்டு: 10 மீட்டர் கார்பன் ஸ்டீல் 150 டிகிரி ஏறினால் சுமார் 18 மி.மீ. நீளும். அது ஓட்டைக்குக் குறுக்கே வந்தால் 25-இல் மிச்சம் 7.

ஸ்டீலுக்குத் தனி டீஃபால்ட் வையுங்கள். பைப்புக்கான வட்டத்தையே ஐஎஸ்எம்பி 200-க்கும் (200 மி.மீ. உயர ஐ வடிவ பீம்) விட்டிருந்தோம். மூலைவிட்டம் 224, இடைவெளியோடு 275 வட்டம். பீமின் ஃபிளேஞ்ச் (இங்கே அதன் மேல், கீழ்ப் பட்டை) அகலமோ 100தான், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 87 மி.மீ. வாய் திறந்திருக்கும், ஸ்பேனர் நழுவினால் நேராகக் கீழே நிற்பவர் தலைதான். 250-க்கு 150 செவ்வகம் போதும்.

பொருள் உருண்டு விழாமல் ஓட்டையைச் சுற்றி நிற்கும் டோ பிளேட் 100 மி.மீ. உயரம், அதில் சண்டை இல்லை.

டீஃபால்ட்டை நடுவில் மாற்றினால் புது ஓட்டைகளுக்குத்தான் பிடிக்கும். பழையவற்றை ரிப்போர்ட் எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும், எனக்கு அதில் இரண்டு நாள் போனது. ஸ்கிரீனில் எது தெரிய வேண்டும் என்று சொல்லும் ரெப்ரசென்டேஷன் செட்டிங்கில் ஹோல்ஸ் ஆஃப் ஆகியிருந்தால் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்றே கண்ணுக்குத் தெரியாது, இதற்காக அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் 75 இடைவெளி வைத்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். ஸ்ட்ரக்சர் பார்க்கிற அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கிரேட்டிங்கில் எத்தனை பேரிங் பார் (பாரம் தாங்கும் பட்டை) அறுபடும், அதற்கெல்லாம் அடியில் ஆங்கிள் யார் கொடுப்பது என்றார். 25-இலேயே நிற்கிறேன்.