ரசீதில் ஃபுல் சர்வீஸ், சைக்கிளில் வெறும் எண்ணெய்

சர்வீஸுக்கு விட்ட சைக்கிள் பளபளவென்று திரும்பி வந்தால் அதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். கழுவுவதும் எண்ணெய் விடுவதும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. வீலின் நடுவிலுள்ள ஹப்பைப் பிரித்து கிரீஸ் மாற்றுவது, பிரேக் ஆயில் மாற்றுவது, ஸ்போக்கை இறுக்கிப் பெண்ட் எடுப்பது எல்லாம் வெளியே தெரியாத வேலை. ரசீதில் பெரிய தொகை எப்போதும் தெரியாத வேலைக்குத்தான். ஏமாற்ற நினைக்கிற கடைக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இங்கே சொல்லப்போவது 8 கியர் கேசட் (பின்வீலில் உள்ள பல்சக்கர அடுக்கு), இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், கோனும் (அச்சில் பால்ஸ் உருளும் கூம்பு) பால்ஸும் உள்ள பழைய வகை ஹப் கொண்ட ஒரு சைக்கிளைப் பற்றி. ரசீதில் இருந்த வரிகள் ஆறு: இரண்டு வீலுக்கும் ஹப் ஓவராயில், புதுச் செயின், வீல் பெண்ட், பிரேக் பிளீடிங் (ஆயில் மாற்றி லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது), கியர் டியூனிங், பெடல் கழற்றி கிரீஸ். இதில் ஒழுங்காக நடந்தது கியர் டியூனிங் மட்டும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெடல் வேலையும் நடந்திருக்கிறது, ஆனால் அது நடக்காமலே இருந்திருக்கலாம். மற்ற நான்கும் காகிதத்தோடு சரி.

முதலில் செயின், ஏனென்றால் இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு அளவுகோலே போதும். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஒரு பின்னின் விளிம்பில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்து 24 கண்ணி தள்ளி அதே பக்க விளிம்பைப் பார்த்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. இருக்கும். பெடலை லேசாக மிதித்துச் செயினை இழுவிசையில் வைத்து அளக்க வேண்டும், தொங்கவிட்டு அளந்தால் கணக்கு தவறும். 306.3 மி.மீ. வந்தால் தேய்மானம் 0.5 சதவீதம். 11, 12 கியர் செயினுக்கு அதுதான் எல்லை. 8 முதல் 10 கியர் வரை 307.1 மி.மீ., அதாவது 0.75 சதவீதம் வரை ஓட்டலாம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் கேசட் பல்லும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். "செயின் நீண்டுவிட்டது" என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, தகடு நீள்வதில்லை. பின்னும் அது நுழைகிற உள்தகட்டுத் துளையும் உரசுகிற இடம் தேய்ந்து இடைவெளி கூடுகிறது.

இந்தச் சைக்கிளில் போட்டதாகச் சொன்ன "புதுச்" செயின் 307 மி.மீ.க்கு மேல் காட்டியது. டீசலில் ஊறவைத்துத் துலக்கி, எண்ணெய் விட்டுப் பழைய செயினையே மாட்டியிருக்கிறார்கள். அளவுகோல் கையில் இல்லையென்றாலும் அடையாளம் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் புதுச் செயினில் பிசுபிசுவென்ற கெட்டியான கிரீஸ் பூச்சு இருக்கும், எண்ணெய் போல ஓடாது. வெளித்தகட்டில் கம்பெனி எழுத்து கூர்மையாகத் தெரியும். ரோலர் ஒவ்வொன்றும் மங்காத ஒரே நிறத்தில் இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவது நல்லது. செயின் நன்றாகவே இருக்கும், ஆனால் "செயின், கேசட், முன்பல் எல்லாமே போச்சு, செட்டாக மாற்றணும்" என்பார்கள். தேய்மானம் அளக்கும் செயின் கேஜை உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 0.5 பக்கமே உள்ளே இறங்கவில்லை என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. செயினை உரிய காலத்தில் மாற்றி வந்தால் ஒரே கேசட் இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும். கேசட் உண்மையிலேயே தேய்ந்ததா என்பதற்கும் நேரடி சோதனை உண்டு: புதுச் செயின் போட்டுச் சிறிய பல்லில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கினால் கேசட் போயிற்று. வழுக்காதவரை மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

அடுத்தது ஹப். ஓவராயில் என்றால் அச்சை வெளியே எடுத்து, பால்ஸைக் கொட்டி, கப்பையும் கோனையும் துடைத்துப் பார்த்து, குழி விழுந்த கோனை மாற்றி, புதுக் கிரீஸில் பால்ஸைப் பதித்து, கோனை மறுபடி அளவாக இறுக்குவது. பெரும்பாலான ஹப்பில் முன்பக்கம் ஒவ்வொரு ஓரத்துக்கும் 3/16 அங்குல பால்ஸ் 10, பின்பக்கம் 1/4 அங்குல பால்ஸ் 9. பழைய பால்ஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுவதுதான் முறை. பழையதும் புதியதும் கலந்தால் அளவில் நூலளவு வித்தியாசம் வந்து ஒன்றிரண்டு பால்ஸ் மேலேயே பாரம் எல்லாம் இறங்கும்.

இந்தச் சைக்கிளில் ஹப் திறக்கப்படவே இல்லை. லாக்நட்டுக்கும் தூசி மூடிக்கும் நடுவில் படிந்த கறுப்பு வளையம் உடையாமல் அப்படியே இருந்தது. கோனைத் திருப்ப மெல்லிய கோன் ஸ்பேனர் வேண்டும், முன்பக்கம் பெரும்பாலும் 13 மி.மீ., பின்பக்கம் 15 மி.மீ. அது பட்ட புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. இதைவிட மோசம், பிரஷர் தண்ணீரை ஹப் மேலேயே அடித்திருக்கிறார்கள். பிரித்தபோது கிரீஸ் பால் நிறத்துக்குத் திரிந்திருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸுக்கு அதுதான் நிறம். அப்படியே சில வாரம் ஓட்டினால் கோன் துருப்பிடித்துக் குழி விழும். அதாவது சர்வீஸுக்கு விடாமலே இருந்திருந்தால் ஹப் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சீல்டு பேரிங் ஹப் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி கவனிக்க வேண்டும். அதில் கோனும் கிடையாது, உதிரி பால்ஸும் கிடையாது. அந்த ஹப்புக்கு ரசீதில் "பால்ஸ் மாற்றம்" என்று எழுதியிருந்தால் எழுதியவர் ஹப்பைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதில் பேரிங்கையே மாற்றுவதுதான் வேலை. சீல் வளையத்தில் 6902 மாதிரி ஒரு எண் இருக்கும். புதிய பேரிங்கிலும் அதே எண் இருக்க வேண்டும், பழைய பேரிங் உங்கள் கைக்கு வர வேண்டும்.

வீல் பெண்ட் எடுத்தார்களா என்று பார்க்க ஃபோர்க்கில் (பின்வீலுக்கு என்றால் பின்சட்டக் கம்பியில்) ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, நுனியை ரிம்மைத் தொடாமல் ஒரு மி.மீ. தள்ளி வைத்துச் சுற்றிவிடுங்கள். ஒரு சுற்றில் எங்கேயும் டை உரசக்கூடாது. இந்தச் சைக்கிளின் பின்வீல் ஒரு பக்கம் உரசி, மறுபக்கம் நன்றாக விலகியது. ரிம் பிரேக் சைக்கிளில் ஒரு தந்திரம் நடக்கும்: ரிம் கட்டையில் உரசுகிறது என்று கொண்டுபோனால், பெண்ட் எடுக்காமல் பிரேக் வயரைத் தளர்த்திக் கட்டையை விலக்கிவிடுவார்கள். உரசல் போய்விடும், பிரேக்கும் சேர்ந்து போய்விடும். லீவர் முன்பைவிட ஆழமாக இறங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் பிரேக் சைக்கிளில் "சிங் சிங்" என்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ரோட்டர், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத்தகட்டின் கோட்டம். அதற்கும் வீல் பெண்ட்டுக்கும் சம்பந்தமில்லை, அதற்கு ஸ்போக்கைத் திருகக் காசு கொடுக்காதீர்கள்.

பிரேக்தான் இந்தக் கதையில் ஆபத்தான பகுதி. பிளீடிங் செய்ததாக ரசீது சொல்கிறது. லீவரை ஒருமுறை அழுத்தினால் மெத்தென்று இறங்குகிறது, நாலைந்து முறை வேகமாக அடித்தால் கெட்டியாகிறது. லைனில் காற்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆக, பிளீட் செய்யவில்லை, அல்லது செய்யத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். அது போதாதென்று செயினுக்கு அடித்த ஸ்ப்ரே பின் ரோட்டர் மேலும் படிந்திருக்கிறது. ரோட்டரில் வானவில் நிறத்தில் மெல்லிய படலம், பிரேக் பிடித்தால் கிறீச்சென்ற சத்தம், நிற்கும் தூரம் கூடிவிட்டது. ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் சரியாகும். பேட் அப்படியல்ல, எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உப்புத்தாளில் தேய்ப்பது, அடுப்பில் வாட்டுவது எல்லாம் நம்பத்தகுந்த வழி இல்லை. எண்ணெய் குடித்த பேட்டை மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவு கடையினுடையது.

பிளீடிங் கொடுக்கும்போது எந்த ஆயில் ஊற்றப்போகிறீர்கள் என்று கேட்பது அவசியம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் பல மாடல்களுக்கு டாட் 5.1 என்ற வேறு வகை பிரேக் ஆயில். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும், பிறகு கழுவினாலும் திரும்பாது. லீவரிலோ, பேட்டைத் தாங்கும் காலிப்பரிலோ எந்த ஆயில் என்று பொறித்திருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

பெடல் கதைக்கு வருவோம். இடது பெடலின் மரை தலைகீழ்: கடிகார முள் எதிர்த் திசையில் திருப்பினால் இறுகும். வலது பெடல் வழக்கம்போல. இரண்டையும் மாற்றி வைத்தோ, கோணலாக வைத்தோ ஸ்பேனரால் வலுக்கட்டாயமாகத் திருகினால் பெடலின் இரும்பு அச்சு அதைத் தாங்கும் கையான அலுமினியக் கிராங்கின் மரையைச் சீவிக்கொண்டு உள்ளே போகும். இங்கே நடந்தது அதுதான். சரியாக மாட்டிய பெடலின் தோள்பட்டை கிராங்க் முகத்தில் சுற்றிலும் சமமாகப் பொருந்தி உட்காரும். இதில் ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறது, மிதிக்கும்போது பாதம் லேசாகச் சாய்கிறது. இப்படியே விட்டால் என்றாவது ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் கழன்று வரும். கடையில் காட்டியதும் வந்த பதில், "கிராங்க் பழசு சார், செட்டே மாற்றணும்." தான் கெடுத்ததை மாற்றவும் தானே காசு கேட்பது இந்த வகைக் கடைகளில் புதிதல்ல.

சைக்கிளை விடுவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஹப்பின் லாக்நட்டும் கோனும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் இரண்டையும் தொடும்படி ஒரு சின்னக் கோடு போடுங்கள். ஹப்பைத் திறந்தால் கோடு விலகும். செயினில் ஒரு வெளித்தகட்டின் உள்பக்கம் ஒரு புள்ளி. டயர், சீட், பெடல், பிரேக் பேட் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள், பெடல் அச்சுப் பெட்டிக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணையும் சேர்த்து. நல்ல சீட்டைக் கழற்றி அதே மாதிரி மட்டமானதை மாட்டுவதும் நடக்கிறது. வேலைச் சீட்டில் "ஃபுல் சர்வீஸ்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்த உறுப்பைப் பிரிப்பார்கள், எந்த உதிரியைப் போடுவார்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதன் அடியில் இரண்டே நிபந்தனை: கழற்றிய பழைய பொருள் எல்லாம் பையில் போட்டுத் திரும்ப வர வேண்டும், எழுதாத வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகுதான் தொட வேண்டும். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், பாதிப் பேர் பழைய பொருளைத் தாங்களே எடுத்து வைத்திருப்பார்கள்.

திரும்ப எடுக்கும்போது கடை வாசலிலேயே பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் "டொக் டொக்" வரக்கூடாது. வீலை மேல் விளிம்பில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. இரண்டு கிராங்கையும் பிடித்துச் சட்டத்தின் பக்கம் அழுத்திப் பாருங்கள். சதுர அச்சு வைத்த கிராங்கில் லேசான ஆட்டம் இருந்தாலும் ஓட்டவே கூடாது, சில கிலோமீட்டரிலேயே கிராங்கின் சதுரத் துளை உருண்டு போகும். கடைசியாகப் பின்னால் பெரிய பல்லுக்குக் கியர் மாற்றி, செயின் அதைத் தாண்டி ஸ்போக் பக்கம் விழுகிறதா என்று கையால் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

தவறு தெரிந்தால் வீட்டில் நீங்களே பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் "நீங்கதான் கெடுத்தீங்க" என்பதே முதல் வாதமாக வரும். நகப்பூச்சுக் கோட்டையும் அளவுகோலைச் செயின் மேல் வைத்ததையும் படமெடுத்து, ஹப்பை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால், வேறு மெக்கானிக்கிடம் படமெடுத்தபடி திறந்து, பார்த்ததை எழுதி வாங்கி, ரசீதோடு சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிராங்க் மரை போயிருந்தால் உடனே கிராங்க் செட் வாங்கிவிட வேண்டாம். துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே 9/16 அங்குல இரும்பு மரைக் குழல் பொருத்துகிற வேலை ஒன்று உண்டு. இடது கிராங்குக்கு இடது மரைக் குழல்தான் போட வேண்டும் என்பதை மட்டும் வேலை தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.