தடைக்காலத்தில் மரப் போட்டுக்கு எது சரி: கலப்பத்தா, ஃபைபரா, இரும்பா?

ஏப்ரல் 15 பிறந்தால் திருவள்ளூரிலிருந்து குமரி வரை கிழக்குக் கரையின் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்தாக வேண்டும். முன்பு 45 நாளாக இருந்த மீன்பிடித் தடை இப்போது 61 நாள், ஜூன் 14 வரை. படகைக் கரையேற்றி, சுரண்டி, ஓட்டை ஒழுக்கு பார்த்து, எஞ்சினைப் பிரித்து மாட்டி, பெயின்ட் அடித்து, மீன்வளத் துறை ஆய்வுக்கும் காட்டி, மறுபடி தண்ணீரில் இறக்க இருப்பது இந்த இரண்டு மாதம்தான். அதிலும் கிரேனுக்கும் ஓடாவிக்கும் (படகுத் தச்சர்) ஒரே நேரத்தில் எல்லோரும் ஓடுவதால் உண்மையில் வேலை செய்யக் கிடைப்பது இன்னும் குறைவு.

வயதான மரப் போட்டு வைத்திருப்பவர்கள் வருடா வருடம் கேட்பது ஒன்றுதான்: பழையபடி கலப்பத்து பார்த்து, அதாவது பலகை இடுக்கைப் பஞ்சால் அடைத்து, பெயின்ட் அடிப்பதா, மேலே ஃபைபர் போர்த்திவிடுவதா, இல்லை விற்றுவிட்டு இரும்பு போட்டுக்குப் போவதா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என் பதில் விலாச்சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான், அதாவது வங்கைப் பார்த்துவிட்டு. பலகையை மாற்றலாம், ஆணியை மாற்றலாம். வங்கும் ஏராவும் (படகின் அடிமரம்) உளுத்திருந்தால் மேலே என்ன செய்தாலும் காசு தண்ணீரில்தான் போகும். அடித்தட்டைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குக் கீழே கையை விட்டு, கூர்மையான ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. ஏன் குறிப்பாக அந்த இடம் என்றால், மரத்தை அழுக வைப்பதில் கடல் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மோசம், ஐஸ் உருகி வடிவது முழுக்க நல்ல தண்ணீர்.

சரி, வங்கு உறுதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கலப்பத்துதான் என் முதல் ஓட்டு. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, மேலே மக்கு பூசுவது. அந்தக் காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள், இப்போது கடையில் வாங்குவதும் உண்டு. இதன் பலமே மரத்தின் போக்கோடு போவதுதான். கத்திரி வெயிலில் கரையில் நிற்கும்போது பலகை சுருங்கி இடுக்கு திறக்கும், தண்ணீரில் இறக்கியதும் ஊறி உப்பித் தானே நெருக்கிக்கொள்ளும், பஞ்சு அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். இதில் நடக்கும் தப்பு என்ன தெரியுமா, மே கடைசியில் நன்றாகக் காய்ந்து வாயைப் பிளந்து நிற்கும் இடுக்கைப் பார்த்துப் பயந்து பஞ்சை முட்ட முட்ட அடைத்துவிடுவார்கள். இறக்கிய பிறகு பலகை ஊறி விரிய இடமில்லாமல் ஆணியோடு வங்கை விட்டுத் தள்ளிக்கொண்டு வரும். அனுபவப்பட்ட ஓடாவி அளவாகத்தான் அடிப்பார். இதைத் தவிர்க்க வெயில் படும் பக்கத்தில் கீற்றுத் தடுப்போ ஈரச் சாக்கோ போட்டு வைப்பது செலவில்லாத வேலை, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை.

கலப்பத்தின் குறையும் சொல்ல வேண்டும். வருடா வருடம் செய்தாக வேண்டும், கை தேர்ந்த ஓடாவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அப்புறம் கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே குண்டூசித் தலை அளவு துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். அதற்கும், அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுக்கும் முக்கியத் தடுப்பு அடிப்பாகத்தில் அடிக்கும் செப்புப் பெயின்ட். அதை ஒரு இடம் விடாமல் அடிக்க வேண்டும், முக்கியமாகக் கட்டை கொடுத்துத் தாங்கியிருக்கும் இடங்களில். கட்டையை மாற்றி வைத்து அங்கேயும் அடிக்காவிட்டால் புழு நேராக அந்த இடத்துக்குத்தான் வரும். பெயின்டை ஏப்ரலிலேயே அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பல செப்புப் பெயின்ட்கள் காற்றிலும் வெயிலிலும் நாள்கணக்கில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். அடித்த எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்பது டின்னிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்து இறக்கும் நாளை ஒட்டி அடியுங்கள்.

இனி ஃபைபர். "ஒரு தடவை போர்த்திவிட்டால் போதும், ஒழுக்கும் இல்லை புழுவும் இல்லை" என்று சொல்வார்கள். புது மரத்துக்கு, நன்றாகக் காய்ந்த மரத்துக்கு, அது பெரும்பாலும் உண்மைதான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் வள்ளம் செய்து அதன்மேல் ஃபைபர் போர்த்திக் காட்டியிருக்கிறது, ஆனால் அங்கே மரத்துக்கு முதலிலேயே மருந்து ஏற்றியிருந்தார்கள். பல வருடம் கடலில் ஊறிய தடிமனான பலகையின் கதை வேறு. ஃபைபருக்குப் பசையான பாலியஸ்டர் ரெசின் ஒட்ட மரத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு, ஊறிய பலகை அந்த அளவுக்குக் காய 61 நாள் போதாது. மேற்புறம் கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதன் மேல் மேட் (ஃபைபர் விரிப்பு) ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மரம் அழுகும், இரும்பு ஆணி துருப்பிடிக்கும், பலகைக்குப் பலகை அசைவதால் இடுக்கு நெடுகக் கீறல் விடும். பாறையிலோ தூண்டில் வளைவுக் கல்லிலோ ஒரு அடி பட்டுக் கிழிந்தால் புழு உள்ளே போனதே தெரியாது. எபாக்சி ரெசின் மரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலை பல மடங்கு. பழைய போட்டுக்கு ஃபைபர் போர்த்துவதைப் பழுது பார்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன், பழுதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதுதான் அது. விற்கப் போகிறவர்கள் அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்!

எப்படியும் ஃபைபர் வேலைதான் என்று முடிவெடுத்தால் மே மாத மதியத்தில் கலக்காதீர்கள். அந்தச் சூட்டில், இறுக வைக்கும் ஹார்ட்னர் ஊற்றிய ரெசின் வாளியிலேயே இறுகிவிடும், காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் வேலை. ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகுதான் ஹார்ட்னர். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்ட்னர் பாட்டிலைத் திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

இரும்பு போட்டு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பழுதுக்கான வழியே இல்லை, புது முதலீடு. வங்கு போன மரப் போட்டில் லட்சக்கணக்கில் கொட்டுவதைவிட அது மேல். புழு பயமில்லை, தகடு தேய்ந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்க வெல்டர் எங்கும் கிடைப்பார். சென்னைக் காசிமேட்டிலிருந்து ஆழத்துக்குப் போய்ப் பல நாள் தங்குகிறவர்களுக்குப் பொருந்தும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் போய் வருகிறவர்களுக்கு அவ்வளவு கனமும் டீசலும் தேவையா என்று யோசிக்க வேண்டும். இரும்பு போட்டுக்கும் தடைக்கால வேலை உண்டு. துருவைச் சுத்தமாக எடுத்து எபாக்சி பிரைமர் முழுசாக அடித்த பிறகுதான் செப்புப் பெயின்ட், நேராகத் தகட்டில் அடித்தால் செம்பே இரும்பை அரிக்க வைக்கும். தகட்டுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகளைப் புதிதாக மாட்டுங்கள், அவற்றின் மேல் பெயின்ட் பட்டால் வேலை செய்யாது. மீன் பெட்டிச் சுவருக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் தெர்மாக்கோலையும் ஃபோமையும் எடுத்துவிடுங்கள், ஒரு பொறி போதும்.

கலப்பத்து பார்த்த போட்டை ஜூன் 14 ராத்திரி வரை கரையில் வைத்திருக்காதீர்கள். சில நாள் முன்பே இறக்கிக் கட்டிப்போட்டு, பம்பைத் தயாராக வைத்து, பலகை ஊறி ஒழுக்கு நின்றதைப் பார்த்த பிறகு ஐஸும் டீசலும் ஏற்றுங்கள்.