‘டிம்’ ஆல்பத்தைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன்

ஸ்வீடன் நாட்டு மின்னணு நடன இசைக் கலைஞர் அவீச்சியின் ‘டிம்’ 2019 ஜூன் 6 அன்று வெளிவந்தது. அன்றிரவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பாட்டையும் கேட்டேன். டிம் பெர்க்லிங் (அவீச்சியின் இயற்பெயர் அதுதான்) மஸ்கட்டில் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இறந்தபோது அவருக்கு 28 வயது. அந்தத் துக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் அவருடைய சாவுக்குக் காரணம் தேடினேன். ‘எஸ்.ஓ.எஸ்’ பாட்டைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் சில மாதங்கள் ஆல்பத்தின் பக்கமே போகவில்லை.

என்னைத் திரும்ப இழுத்தது ‘ஃப்ரீக்’. அதில் ஒரு விசில் வரும். ஜப்பானியப் பாடகர் கியு சகமோட்டோவின் ‘சுகியாகி’ பாட்டிலிருந்து எடுத்த மெட்டு அது. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அந்த விசில் தானாக என் வாயில் வந்தது. உடனே பாட்டைப் போட்டேன். அன்றைக்குத்தான் சோகத்தை ஓரமாக வைத்துவிட்டு மெட்டை மட்டும் கேட்டேன். அவருடைய பழைய ஹிட்டான ‘லெவல்ஸ்’ காலத்தில் எல்லாமே டிராப்பை, அதாவது தாளம் முழு வேகத்தில் வெடிக்கும் இடத்தை, நோக்கி ஏறும், அரங்கமே குதிக்கும். இங்கே அவசரமே இல்லை. 2016இல் மேடைகளை விட்டு விலகிய மனிதர் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்த இசை என்று தோன்றியது. ‘டஃப் லவ்’ பாட்டின் தந்தி இசையில் நம் சினிமாப் பாட்டுகளின் சாயல்கூட எனக்குக் கேட்கிறது.

இது முழுக்க அவருடைய ஆல்பம்தானா என்ற கேள்வி வெகுநாள் உறுத்தியது. அரைகுறையாக இருந்த பாட்டுகளை, அவர் விட்டுப்போன குறிப்புகளையும் குறுஞ்செய்திகளையும் வைத்து, கார்ல் ஃபால்க் போன்ற இசைக் கூட்டாளிகள் முடித்தார்கள். ‘எஸ்.ஓ.எஸ்’ பாட்டை அமெரிக்கப் பாடகர் அலோ பிளாக் பாட வேண்டும் என்பதும் டிம்மின் விருப்பம்தான். இது தெரிந்தபிறகு அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க முடிந்தது.

எனக்கு ஒட்டாதது ‘ஹார்ட் அபான் மை ஸ்லீவ்’ மட்டும். 2013இல் வந்த அவருடைய ‘ட்ரூ’ ஆல்பத்தில் அது குரலே இல்லாமல் இருந்தது. இதில் இமேஜின் டிராகன்ஸ் என்ற ராக் குழுவின் குரல் சேர்ந்ததும் இடம் அடைத்துக்கொண்டது போல இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த எண்ணம் மாறவில்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் என்கிற அடித்தொனி மொத்தமும் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போனில், பாட்டுகளின் வரிசையை மாற்றாமல் கேளுங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கடைசியில் ‘ஃபேட்ஸ் அவே’ முடிந்ததும் ஆப் தானாக வேறு யாருடைய பாட்டுக்காவது தாவும். அந்த வசதியை நான் அணைத்து வைத்திருக்கிறேன்.