இரண்டாம் வருடத்தில் மாறிச் சேர: மதுரை காமராசரா, அழகப்பாவா?

விலங்கியல் முதல் வருடத்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டி வந்தது. வீடு ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில். இரண்டாம் வருடத்துக்கு இடம் தர இரண்டு கல்லூரிகள் தயாராக இருந்தன. ஒன்று மதுரையில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரி. மற்றது ராமநாதபுரம் பக்கம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் சாதாரண இணைப்புக் கல்லூரி. நான் அழகப்பாவைத்தான் எடுத்தேன். இதே நிலையில் இருக்கும் அறிவியல் மாணவர் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரிகளும் சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரிகளும் அழகப்பாவின் கீழ் வருகின்றன. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் காமராசர் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. அதனால் தொண்டியில் இருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இது வெறும் பல்கலைக்கழகக் கேள்வி இல்லை. வீட்டில் இருந்து போய்வருவதா, மதுரையில் போய்த் தங்குவதா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காமராசர் 1966இல் வந்தது, அழகப்பா 1985இல். மூத்தது என்பதால் மதுரைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அது தெரியும். ஆனால் இரண்டும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். டிஎன்பிஎஸ்சிக்கும் பி.எட்.டுக்கும் முதுகலைக்கும் இரண்டு பட்டமும் செல்லும். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயும் தகுதி உள்ளவர்களுக்கு இரண்டு இடத்திலும் உண்டு. இதையெல்லாம் வைத்து யாரும் முடிவு எடுக்க வேண்டியதில்லை.

முடிவு எடுக்க வேண்டியது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான். நீங்கள் ஏற்கெனவே பாஸான தாள்களில் எத்தனையை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், எத்தனையைப் புதிதாக எழுதச் சொல்கிறார்கள்?

‘இப்போதுதான் எல்லா இடத்திலும் ஒரே பாடத்திட்டமாயிற்றே’ என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24இல் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது உண்மை. 75 விழுக்காடு பொதுவாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மாணவர்கள் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவது சுலபமாகும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் தாளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது எந்த செமஸ்டரில் வருகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவும் அவர்களுடையது, தேர்வும் அவர்களுடையது. வரிசையை மாற்ற அவர்களுக்கு இடம் அதிகம்.

என் விஷயத்தில் சிக்கல் அலைடு பாடத்தில், அதாவது முக்கியப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடத்தில் வந்தது. சென்னையில் முதல் வருடம் அலைடு வேதியியல் படித்திருந்தேன். மதுரைக் கல்லூரியில் முதல் வருடம் தாவரவியல், இரண்டாம் வருடம்தான் வேதியியல். அங்கே சேர்ந்திருந்தால் முடித்த வேதியியல் பக்கமே மறுபடி போய் உட்கார வேண்டும். படிக்காத தாவரவியலை ஜூனியர்களோடு சேர்ந்து முடிக்க வேண்டும். பகுதி நான்கு என்ற பிரிவில் வரும் சின்னத் தாள்களும் பொருந்தவில்லை. கூட்டிப் பார்த்தால் ஐந்து தாள், அதுபோக ஒரு பிராக்டிகல். அழகப்பா பக்கம் அலைடு வரிசை சென்னையோடு ஒத்துப்போனது. கூடுதலாக எழுத வேண்டியது இரண்டே தாள், இரண்டும் தியரி.

ஐந்துக்கும் இரண்டுக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். அந்தப் பிராக்டிகல்தான் ஆளைக் கவிழ்க்கும். தியரித் தாளை வீட்டில் இருந்து படித்து எழுதிவிடலாம். பிராக்டிகலுக்கு ஆய்வகத்தில் நிற்க வேண்டும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் வருட மாணவர்களுக்கு ஆய்வகம் நடக்கும் அதே நேரத்தில் உங்களுக்கு இரண்டாம் வருட வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். எதை விட்டாலும் வருகைப்பதிவில் அடி விழும். தியரியிலும் 75 மதிப்பெண்தான் செமஸ்டர் தேர்வுக்கு. மீதி 25 இன்டர்னல். வகுப்பில் உட்காராத தாளுக்கு இன்டர்னல் வாங்க, அந்த ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, டெஸ்ட் எழுதி, அசைன்மென்ட் கொடுத்து முடிக்க வேண்டும். இதெல்லாம் அந்த செமஸ்டருக்கு உரிய தாள்களுக்கு மேலே வரும் வேலை.

ஒரு தாள் நின்றுபோனால்கூட மூன்றாம் வருடக் கடைசியில் பட்டம் கைக்கு வராது. பி.எட்.டுக்கோ எம்.எஸ்சி.க்கோ விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் அரியர் இருந்தால் ஒரு வருடம் போய்விடும். வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தை நம்பிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் சாதாரணம் இல்லை. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் இருக்கிற வேறு எந்த வித்தியாசமும் இதற்கு முன்னால் பெரிதாக நிற்காது என்பது என் திடமான எண்ணம்.

கிரெடிட் வங்கி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டில் தாள்களைப் பாஸாகி நீங்கள் சேர்த்த கிரெடிட் புள்ளிகள் ஏழு வருடம் வரை உங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் அதை எந்தத் தாளுக்கு ஈடாக எடுத்துக்கொள்வது என்பதைப் போய்ச் சேரும் இடம்தான் சொல்ல வேண்டும். கணக்கில் கிரெடிட் இருக்கிறது என்பதால் மட்டும் தாவரவியல் தாள் தள்ளுபடி ஆகாது.

அதனால் இரண்டு கல்லூரியிலும் முதலில் கேட்க வேண்டியது ஈக்விவலன்ஸ் கடிதம். எந்தத் தாளை ஏற்றோம், எதை எழுத வேண்டும் என்று தாள் வாரியாக எழுத்தில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் சில சமயம் “டிசியோட வாங்க, மத்ததைப் பாத்துக்கலாம்” என்பார்கள். எங்கள் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “கையில கடுதாசி இல்லாம அங்க டிசி வாங்காத தாயி.” டிசி வாங்கிவிட்டால் பழைய கல்லூரியில் உங்கள் இடம் போய்விடும். அதன் பிறகு புதிய இடத்தில் ஏழு தாள் என்று சொன்னாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

அடுத்தது கடல். மண்டபத்துப் பிள்ளை விலங்கியல் படிக்க மதுரைக்குப் போவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு அது கொச்சிக்குப் போனாலும் இங்கே மண்டல மையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மூன்றாம் வருட ப்ராஜெக்ட்டுக்கு மீன் இறங்கும் இடத்துக்கு விடியற்காலையில் நடந்தே போய்வரலாம். நண்டு, சங்கு, கடல் அட்டை எதைக் கேட்டாலும் விளக்கிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. மேலே படிக்கவும் அழகப்பாவுக்குத் தொண்டியில் கடலியல் துறை இருக்கிறது. மதுரையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் நம் புதுமடத்திலேயே உண்டு. ஆனால் இளங்கலைக்கு நான் சேரவிருந்த கல்லூரி கடலில் இருந்து வெகு தூரம்.

செலவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விசைப்படகு வருமானத்தை நம்பிய வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாள் முடிந்து படகு இறங்கும் நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணமும் விடுதி முன்பணமும் ஒன்றாக வந்து நிற்கும். ராமநாதபுரத்துக்கு வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வந்ததால் முன்பணம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. வெயில் காலத்தில் அந்தப் பயணம் அலுப்புத்தான், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

மதுரையின் நல்லதை நான் வாழ்ந்து பார்க்கவில்லை. சித்தி மகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தாள், அவள் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். நூலகம் பெரிது, கருத்தரங்குகள் அதிகம், வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வருகின்றன, ஆங்கிலத்தில் பேசும் தயக்கம் ஒரு வருடத்தில் போய்விடுகிறது. இவையெல்லாம் உண்மையான லாபம். எங்கள் கல்லூரியில் இந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. தமிழோ வணிகவியலோ படிப்பவர் என்றால் பிராக்டிகல் தலைவலி கிடையாது. அவர்களுக்கு இரண்டு இடத்திலும் எழுத வேண்டிய தாள்கள் ஏறக்குறைய சமமாக வந்தால், விடுதிச் செலவும் சமாளிக்க முடிந்தால், மதுரைக்குப் போவதையே நான் ஆதரிப்பேன்.

மூன்றாம் வருடத்தில் மாறுபவர்களுக்கு இதே கணக்கு பொருந்துமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பொருந்தாத தாள்கள் சேர்ந்தால் எழுதி முடிக்க இருப்பது ஒரே வருடம்தான் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். எந்த வருடம் என்றாலும், பழைய கல்லூரியில் இருக்கும்போதே முதல்வர் கையெழுத்திட்ட பாடத்திட்டப் பிரதியை இரண்டு செட் வாங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு கல்லூரியிலும் ஒரே நேரத்தில் கொடுத்தால்தான், இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வகுப்பு தொடங்கும் முன்பே நேரம் கிடைக்கும்.