மாத்திரையா, ஜெல்லா, இரண்டும் வேண்டாமா?

சித்திரை வெயிலில் வேலூரில் யாருக்குத்தான் வியர்க்காது? மார்கழி விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு மின்விசிறியைப் போடும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் சூடு வேறு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிவதால் வருவது அது. அதற்கு, அந்த ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்று வாயெடுத்தாலே, "ஐயோ, புற்றுநோய் வரும்" என்பார்கள்.

இந்தப் பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில், ஆண்டுக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்று வந்தது; மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு. ரத்தக்கட்டும் பக்கவாதமும் கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்ததை யாரும் பேசுவதில்லை. பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பதையும்தான். அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களுக்குக் கணக்கு வேறு.

மாத்திரை விழுங்குவது எளிது. ஆனால் அது கல்லீரல் வழியே போவதால் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லில் இந்தத் தொல்லை தென்படவில்லை. பருமன், பிரஷர் உள்ளவர்களுக்கு என் ஓட்டு ஜெல்லுக்குத்தான். நம் ஊர் வியர்வையில் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்: குளித்துத் துடைத்த தொடையிலோ கையிலோ தடவி, காய்ந்த பிறகே சேலை கட்ட வேண்டும்; தடவிய இடம் ஒரு மணி நேரமாவது பேரக்குழந்தையின் மேல் படக் கூடாது. மார்பில் தடவவே கூடாது.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஜெல்லோடு புரோஜெஸ்டிரானும் எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அதன் உள்சவ்வு தடித்துப் புற்றாகலாம். இயற்கைப் புரோஜெஸ்டிரான் கேப்சூல் தூக்கம் வரவழைக்கும், ஆகவே இரவில் போடுவது நல்லது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதே ஆய்வின் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த இன்னொரு பிரிவில் இவர்களுக்கு மார்பகப் புற்று கூடவில்லை. சேர்த்து எடுப்பவர்களுக்கோ, ஆண்டுகள் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஜெல் என்பதால் அதிலிருந்து தப்ப முடியாது.

நாட்டு மருந்துக் கடைத் தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா? இவற்றுக்கு உறுதியான சான்று போதாது.

மார்பகப் புற்று வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு கண்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம். வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகள் சூட்டை ஓரளவு தணிக்கும். அவற்றையும் மருத்துவர் எழுதித்தர வேண்டும்; பக்கத்து வீட்டம்மாவின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது.