என்.ஜி.கே. இரிடியம் பிளக்: காசுக்குத் தகுமா?

பைக்குக்கு என்.ஜி.கே. கம்பெனியின் இரிடியம் ஸ்பார்க் பிளக் போட்டால் மைலேஜ் ஏறும், பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்பார்கள். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் நடக்காது. சாதா பிளக்கைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவது வேறொன்றுக்காக.

பெட்டியைத் திறந்ததும் நடு முனையைப் பாருங்கள். 0.6 மி.மீ.தான், ஊசி மாதிரி. சாதா பிளக்கின் முனையில் உள்ள நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,446 டிகிரி தாங்கும். அதனால்தான் இவ்வளவு மெல்லிசாக வைத்தும் சீக்கிரம் தேயாது. முனை கூர்மையானால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும். அப்போதுதான் பிறந்த நெருப்பு கடுகளவுதான் இருக்கும். பக்கத்தில் தடித்த உலோகம் இருந்தால் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். மெல்லிய முனையில் அந்தத் தொல்லை குறைவு. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவதிலும் ஐட்லிங் சீராக நிற்பதிலும்தான் வித்தியாசம் தெரியும். நெருப்பு பரவத் தொடங்கியபின் பிளக்குக்கு வேலை இல்லை. மற்றதெல்லாம் டைமிங்கும் (பொறி விடும் நேரம்) பெட்ரோல்-காற்றுக் கலவையும் பார்த்துக்கொள்ளும்.

சிபிஆர்8ஈஏஐஎக்ஸ்-9 என்ற மாடல் எண்ணில் 8 என்பது வெப்ப எண், அதாவது பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதன் அளவு. வண்டிக்கு எது சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள். என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. பாஷ் கம்பெனி பிளக்கில் தலைகீழ், ஏமாந்துவிடாதீர்கள். முனை 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். மிஞ்சிச் சூடானால் பொறி வருமுன்னே முனையே பற்றவைத்து, பிஸ்டன் தலையை ஓட்டையாக்கும். கடைசி 9 என்பது பொறி தாவும் 0.9 மி.மீ. இடைவெளி. அதை வளைத்துச் சரிசெய்யப் போனால் ஊசிமுனை உடையும். கம்பி பிரஷும் கூடாது.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். குழியில் உள்ள மண்ணை ஊதிவிட்டு, கையாலேயே திருகி இறக்குங்கள். வாஷர் உட்கார்ந்ததும் 16 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரில் அரைச் சுற்று. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். த்ரெட்டில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகும், அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். கழற்றிய அதே பிளக்கைத் திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அரைச் சுற்றெல்லாம் வேண்டாம். பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

பழைய பிளக் அட்டைக்கரியாக வெளியே வந்தால் இதை வாங்காதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பாருங்கள். பெட்ரோல் அதிகமாகப் போகும் இன்ஜினில் இரிடியமும் கறுத்துத்தான் போகும்.