186 யூரோ போனது: திரோஸ் குகைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

முந்தாநாள் நடந்தது இது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கிரீஸின் தெற்கே, மானி தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கின்றன திரோஸ் குகைகள். அவற்றில் வ்லிஹாதா என்ற குகைக்குள் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. சுமார் 1,200 மீட்டர் படகில் போய், மீதி 300 மீட்டரை நடந்து வெளியே வர வேண்டும். நான், மனைவி, அம்மா என்று மூன்று பேர். சுற்றுலாச் சீட்டுகளைத் தரகுக்கு விற்கும் இணையத்தளம் ஒன்றில் தலைக்கு 62 யூரோ, மொத்தம் 186 யூரோ கட்டினேன். கிதியோ துறைமுகத்திலிருந்து காரில் அழைத்துப்போவது, தனிப் படகு, கூடவே ஒரு வழிகாட்டி, எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேள்வி கேட்காமல் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, முடியுமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவன் உடனே பதில் எழுதினான்: ‘நடை கடைசி 300 மீட்டர்தான். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போடச் சொல்லுங்கள். படகில் சில இடங்களில் தலையைக் குனிய வேண்டும். உங்கள் அம்மா எங்கள் அம்மா மாதிரி.’ குகை ஆய்வாளர்களான பெட்ரோஹிலோஸ் தம்பதி 1949இல் இங்கே ஆய்வைத் தொடங்கியது, குகையை 1967இல் பொதுமக்களுக்குத் திறந்தது என்று வரலாற்றையும் ஒப்பித்தான். அங்கேதான் விழுந்தேன். கையேடு படித்த எவனும் சொல்லக்கூடிய விஷயங்கள். அந்தச் செருப்பு யோசனைக்காகவே அவனை நம்பினேன். ‘15 கிலோமீட்டர் குகையையும் காட்டுவோம்’ என்று அவன் அளந்தபோதாவது விழித்திருக்க வேண்டும். பயணிகளுக்குக் காட்டுவதே மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

காலை 9 மணிக்குக் கார் வரவேண்டும். பத்தரை வரை துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். கொடுத்த எண் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்ஸிக்குத் தனியாக அழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். சீட்டு கொடுக்கும் பெண்மணி என் கைபேசியில் இருந்த ரசீதை இரண்டு முறை பார்த்தார். ‘இது எங்களுடையது இல்லை’ என்றார். அவர் மேல் தப்பில்லை. இன்னொரு முறை பணம் கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினேன்.

குகையைக் குறை சொல்ல மாட்டேன். படகோட்டி துடுப்பைப் பாறையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே போகிறார். கூரை அப்படியே தலைக்கு மேல் இறங்கி வருகிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் உருவான சுண்ணாம்பு விழுதுகள் இப்போது தண்ணீருக்கு அடியிலும் தொங்குகின்றன. அம்மா லைஃப் ஜாக்கெட்டோடு விளிம்பில் சாய்ந்து, ‘கீழேயும் ஒரு கோயில் மண்டபம் இருக்கிறதப்பா’ என்றார். எனக்கு அதைப் பார்க்கவா மனம் இருந்தது? 186, 186 என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கைபேசியில் செய்தி: ‘நீங்கள் குறித்த நேரத்தில் வரவில்லை, எனவே பணம் திரும்பக் கிடைக்காது.’ வராதது நாங்களாம்! துறைமுகத்தில் எடுத்த படத்தை நேரத்தோடு அனுப்பினேன். முதலில் ஓர் இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து ஒருவர், கார் அனுப்புவது வேறு நிறுவனம், அவர்களைக் கேளுங்கள் என்றார். அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் சொல்ல அனுமதி இல்லையாம். மூன்றாவது ஆள் 72 மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அரை மணியில் புகாரையே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார். செருப்பு யோசனை சொன்னவன் மட்டும் மறுபடி வரவே இல்லை.

‘விடப்பா, குகையைப் பார்த்தோமே’ என்கிறார் அம்மா. 186 யூரோவை எப்படி விடுவது?

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தனிப் படகு, முழுக் குகை என்று எவனாவது சொன்னால் ஓடிவிடுங்கள். கார் அனுப்புகிறவரின் பெயரும் எண்ணும் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். உரையாடலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதை அவர்கள் அழித்துவிட்டார்கள். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.